கட்டுப்படியாகாது எண்டு ஆர் சொன்னது?

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. திங்களிலை எங்கடை ரெஸ்ரோறன்ட் பூட்டு. கிழமையிலை எனக்கு மிஞ்சிறது அந்த ஒரு நாள்தான். மத்தியானம் மட்டும் படுப்பம் எண்டு நினைச்சால், ஒன்பது மணிக்கு ரெலிபோன் அடிக்குது. பல்லாரோச் சந்தைக்குப் பின்னாலை, எங்கடை வீட்டிலையிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிற அக்கா.

"தம்பி, ரீவி செத்துப்போச்சு. கீழை கொண்டுபோய் குப்பைப் பெட்டிக்குப் பக்கத்திலை வைக்க ஒருக்கா கை தாறீரோ?"

அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேணும். அவவின்ரை மனுசன் செத்து ஆறு வருசம். ஒரே மகன் வட இத்தாலியிலை தொழிற்சாலை ஒண்டிலை நிக்கிறான். அவ காலமை ஐஞ்சரைக்கு எழும்பி மாடிக் கட்டிடங்களுக்குப் படி கழுவப் போறவ. மணித்தியாலத்துக்கு எட்டு யூரோ. பின்னேரம் வீட்டை வந்தால் கதைக்க ஆளில்லை. ரீவிதான் கதைக்கும்.

போய்ப் பாத்தன். சத்தம் வருது, படம் இல்லை. "எப்பவிலிருந்து அக்கா?" எண்டு கேட்டன். நாலு நாளாம். நாலு நாளும் நாடகத்தைச் சத்தத்தில மட்டும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறா, றேடியோ மாதிரி.

அந்த ரீவியைத் தவணைக்கு வாங்கினவ. மாதம் 17 யூரோப்படி முப்பது மாதம். இது இருபத்தேழாவது மாதம். இத்தாலியிலை சட்டப்படியான உத்தரவாதம் இரண்டு வருசம். அது முடிஞ்சு மூண்டு மாதத்திலை ரீவி செத்துப்போச்சு. தவணை இன்னும் மூண்டு மாதம் உயிரோடை இருக்கு. வாங்கின கடைக்குப் போய்க் கேட்டிருக்கிறா. கழட்டிப் பாக்க மட்டும் 40 யூரோ, திருத்தினால் கிட்டத்தட்ட 180 வரும், அதே அளவிலை புதுசு 299க்கு இருக்கு, அதுக்கும் தவணை போட்டுத் தரலாம் எண்டு சொல்லியிருக்கினம். கடைசியிலை அந்த மந்திரத்தையும் சொல்லியிருக்கினம்: "நொன் கொன்வியேனே, சிஞ்ஞோரா."

நொன் கொன்வியேனே. கட்டுப்படியாகாது. இத்தாலிக்கு வந்த ஆக்களுக்கு இந்தச் சொல்லை விளங்கப்படுத்தத் தேவையில்லை. சப்பாத்து பிஞ்சாலும் நொன் கொன்வியேனே, ரீவி செத்தாலும் நொன் கொன்வியேனே. நான் கேக்கிறது ஒரு கேள்விதான். ஆருக்குக் கட்டுப்படியாகாது? 299 யூரோவை எட்டாலை பிரிச்சுப் பாருங்கோ. முப்பத்தேழு மணித்தியாலத்துக்கு மேலை அந்த மனுசி மற்றவையின்ரை படியைக் குனிஞ்சு கழுவவேணும். இதிலை ஆருக்கு என்ன கட்டுப்படியாகுது?

சரி, விசயத்துக்கு வருவம்.

அறை யன்னலைச் சாத்தி இருட்டாக்கினன். ரீவியைப் போட்டு, கைத்தொலைபேசியிலை இருக்கிற ரோச்சை அடிச்சு, திரைக்குக் கிட்டப் பிடிச்சுச் சரிச்சுப் பாத்தன். ரோச் வெளிச்சம் விழுந்த வட்டத்துக்குள்ளை, மங்கலாய், ஒரு பொம்பிளை அழுதுகொண்டு நிக்கிறா. நாடகம் ஓடுது! அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினன். "ஐயோ, படம் உள்ளுக்குள்ளை இருக்கு" எண்டு சின்னப்பிள்ளை மாதிரிச் சொன்னா.

உண்மை அதுதான். படம் உள்ளுக்குள்ளை இருக்கு. தட்டை ரீவி எண்டு நாங்கள் சொல்லுறதிலை பெரும்பாலானது திரவப் படிகத் திரை. அந்தத் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. அது யன்னல் மாதிரி, வெளிச்சத்தை விடும், மறைக்கும், நிறம் குடுக்கும். வெளிச்சம் பின்னாலையிருந்து வரவேணும். முந்தி அதுக்கு மெல்லிய குழல் விளக்குகள் இருந்தது. இப்ப நீளமான பட்டிகளிலை ஒட்டின சின்னச் சின்ன எல்.ஈ.டி. விளக்குகள். கன ரீவியளிலை இந்த விளக்குகளை ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டாய்த் தொடராக இணைச்சிருப்பாங்கள். கோயில் திருவிழாவிலை சோடினை லைற் பாத்திருப்பியள். ஒண்டு போனால் முழுத் தொடரும் அணைஞ்சுபோம். அதே கதைதான் இதுவும். ஒரு அரிசிமணியை விடக் கொஞ்சம் பெரிய விளக்கு ஒண்டு எரிஞ்சால் முழுத் திரையும் கறுப்பு. சத்தம் இருக்கும், படமும் இருக்கும், வெளிச்சம்தான் இருக்காது.

இதைச் சொல்ல நான் ஒண்டும் பொறியியலாளன் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலை விஞ்ஞான பீடத்திலை பௌதிகவியல் படிச்சுக்கொண்டு இருந்தனான். 2006 ஓகஸ்டிலை ஏ-9 பாதை பூட்டுப்பட்டதோடை என்ரை படிப்பும் பூட்டுப்பட்டது. இப்ப மற்றவை பட்டம் வாங்கிற வயசும் தாண்டி, பாத்திரம் கழுவத் தொடங்கி இப்ப மரக்கறி வெட்டி மீன் பொரிக்கிற அளவுக்குப் பதவி உயர்வு. ஆனால் ஓம் விதி எனக்கு மறக்கேல்லை. கடையிலை நிண்டவனுக்கு இது தெரியாமலில்லை. அவனுக்கு என்னை விட நல்லாத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் சொல்லுறான், கட்டுப்படியாகாது எண்டு. எனக்குக் கோவம் வாறது அங்கைதான்.

ரீவியின்ரை வருத்தங்களை நீங்களும் வீட்டிலையே பிரிச்சுப் பாக்கலாம். ஸ்குறூ ஒண்டும் கழட்டத் தேவையில்லை.

போட்டவுடனை ஒரு செக்கன் படம் வந்து பிறகு இருண்டால், அநேகமாய் விளக்குப் பட்டிதான். பிழையைக் கண்டு பாதுகாப்புச் சுற்று தானாய் நிப்பாட்டுது. ரோச் அடிச்சாலும் படத்தின்ரை சாயலே இல்லை, சத்தம் மட்டும் இருக்கு எண்டால், திரைக்குப் படத்தைப் பிரிச்சு அனுப்பிற சின்னப் பலகையிலையோ அதின்ரை நாடா வயரிலையோ பிழை இருக்கலாம். அரைவாசிப் படம், நிறம் குழம்பின படம் எண்டாலும் முதல் சந்தேகம் அங்கைதான். சில வேளை அந்த நாடாவைக் கழட்டித் துடைச்சுத் திருப்பிச் செருகினாலே சரிவரும். ரீவி எழும்பவே கஷ்டப்படுது, டிக் டிக் எண்டு சத்தம் போடுது எண்டால், மின்வழங்கிப் பலகையிலை கொள்ளளவி வீங்கியிருக்கலாம். அது ஒண்டு ஒரு யூரோவுக்கும் கீழை. திரையிலை மேலிருந்து கீழை ஒரு கோடு, எந்தச் சனலிலும் அதே இடத்திலை நிக்குது எண்டால் அநேகமாய்த் திரையிலைதான் பிழை. கண்ணாடி வெடிச்சிருந்தால் கதையே இல்லை. இது இரண்டுக்கும் நானும் கட்டுப்படியாகாது எண்டுதான் சொல்லுவன். எல்லாத்தையும் திருத்தலாம் எண்டு சொல்ல நான் வரேல்லை. எதைத் திருத்தலாம், எதைத் திருத்தேலாது எண்டு பாக்காமலே தூக்கி எறியிறதைத்தான் பிழை எண்டுறன்.

இன்னொண்டும் சொல்லவேணும். பின்மூடியைக் கழட்டிறது விளையாட்டில்லை. மின்வழங்கிப் பலகையிலை இருக்கிற பெரிய கொள்ளளவியிலை முந்நூறு வோல்ற்றுக்கு மேலை நிக்கும், வயரைப் பிடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் நிக்கும். தெரியாத ஆக்கள் அதிலை கை வைக்கக் கூடாது. ரோச் அடிச்சுப் பாக்கிறதுக்கு மட்டும் ஒரு பயமும் தேவையில்லை. பிழை என்ன எண்டு தெரிஞ்சு கடைக்குப் போறவனை ஏமாத்திறது கொஞ்சம் கஷ்டம்.

இனி அரசாங்கத்துக்கு வருவம்.

2021 ஓகஸ்ட் 23இலிருந்து இத்தாலி அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. 2018 டிசம்பர் 22க்கு முதல் வாங்கின ரீவியைக் குப்பைக்குக் குடுத்துப் புதுசு வாங்கினால் விலையிலை 20 வீதம், ஆகக்கூடியது 100 யூரோ, கழிவு. ஒளிபரப்பு முறை மாறுது எண்டது காரணம். ஆனால் ஒளிபரப்பு மாறினால் ஒரு சின்ன டிகோடர் பெட்டி போதும். அதுவும் அரசாங்கத்துக்குத் தெரியும், ஏனெண்டால் குறைஞ்ச வருமானக்காரருக்கு அந்தப் பெட்டிக்கு 30 யூரோ வரை அவையே குடுத்தவை. 30 யூரோவிலை முடியிற அலுவலுக்கு, எறியிறவனுக்கு 100 யூரோ. திருத்திறவனுக்கு அந்தத் திட்டத்திலை ஒரு சதமும் இல்லை. அந்த நேரம் எங்கடை ஒழுங்கைகளிலை குப்பைப் பெட்டியளுக்குப் பக்கத்திலை கிடந்த ரீவியளிலை எத்தினை நல்லா வேலை செய்தது எண்டு எனக்குத் தெரியும். இரண்டை நானே தூக்கிக்கொண்டு வந்தனான். ஒண்டு இண்டைக்கும் என்ரை அறையிலை ஓடுது.

ஐரோப்பிய ஒன்றியம் சும்மா இருக்கேல்லை எண்டு சிலபேர் சொல்லுவினம். ஓம், 2021 மார்ச் 1இலிருந்து ஒரு ஒழுங்குவிதி இருக்கு, 2019/2021 எண்டு அதுக்கு இலக்கம். ரீவி செய்யிற கொம்பனியள், ஒரு மாதிரியின்ரை கடைசி ரீவியைச் சந்தைக்கு விட்ட பிறகும் ஏழு வருசத்துக்கு உதிரிப்பாகம் வைச்சிருக்க வேணும். கேக்க நல்லாத்தான் இருக்கு. என்னென்ன பாகம் எண்டு பாருங்கோ. மின்வழங்கி, வெளி வயர் செருகிற இடங்கள், பெரிய கொள்ளளவிகள், பற்றறி, இப்பிடிச் சில. அதுவும் தொழில்முறைத் திருத்துநருக்கு. எங்களை மாதிரிச் சாதாரண சனத்துக்கு ரிமோட்டும் வெளி அடப்ரரும். அந்தப் பட்டியலிலை விளக்குப் பட்டி இல்லை! சத்தம் இருக்கு, படம் இல்லை எண்டு வீட்டுக்கு வீடு சனம் சொல்லுற வருத்தத்துக்குரிய பாகம் இல்லை. அடுப்புக்கு உத்தரவாதம் இருக்கு, நெருப்புக்கு இல்லை எண்ட மாதிரி.

2024 யூனிலை இன்னொரு பணிப்புரை நிறைவேற்றினவை. உத்தரவாதக் காலம் முடிஞ்சாலும் உற்பத்தியாளர் நியாயமான விலைக்குத் திருத்திக் குடுக்க வேணும் எண்டு அதிலை இருக்கு. மின்னணுத் திரைகளும் அந்தப் பட்டியலிலை இருக்கு. 2026 யூலை 31 இலிருந்து நாடுகள் அதை நடைமுறைப்படுத்த வேணும் எண்டு திகதியும் போட்டிருக்கு. உத்தரவாதக் காலத்துக்குள்ளை மாத்தாமல் திருத்தச் சொல்லிக் கேட்டால் இன்னும் ஒரு வருசம் உத்தரவாதம் கூடும். நல்ல விசயம், நான் குறை சொல்லேல்லை. ஆனால் "நியாயமான விலை" எண்டால் எவ்வளவு? 299 யூரோ ரீவிக்கு 180 யூரோ நியாயமோ? பிரான்சிலை இருக்கிற எங்கடை ஆக்கள் இதைக் கவனியுங்கோ: உங்களுக்கு 2021இலிருந்து ரீவிப் பெட்டியிலையே திருத்தக்கூடிய தன்மைக்கு பத்துக்கு இத்தினை எண்டு புள்ளி போட்டிருந்தது. 2025 ஜனவரியிலை அதை நீடித்துழைக்கும் தன்மைக்கான புள்ளியாய் மாத்தியிருக்கு. வாங்கேக்கை அங்குலத்தைப் பாக்கிற நாங்கள் அந்தப் புள்ளியைப் பாத்தமோ?

இனி எங்கடை சனத்துக்கு வாறன். கோவிக்க வேண்டாம்.

பிறந்தநாள் வீட்டுக்குப் போனால் முதல் கேக்கிறது, "எத்தினை இஞ்சி?" 43 வைச்சிருந்தவன் 55 வாங்கிட்டான் எண்டு 65 வாங்கிறவன் இருக்கிறான். வீடு இரண்டு அறை, இருக்கிறது ஐஞ்சு பேர். திருத்தின ரீவி எண்டு சொல்ல வெக்கம், தவணைக்கு வாங்கினது எண்டு சொல்ல வெக்கமில்லை. அக்காவின்ரை மகனும் ரெலிபோனிலை இதைத்தான் சொன்னான். "அண்ணை, விடுங்கோ, நான் காசு அனுப்பிறன், புதுசு வாங்கட்டும்." நல்ல பிள்ளை, தாயிலை பாசம். ஆனால் அவனும் பத்து மணித்தியாலம் நிண்டு உழைக்கிற காசுதானே அது.

தொண்ணூறாம் ஆண்டு யூனிலை யாழ்ப்பாணத்திலை கரண்ட் நிண்டபோது எனக்கு ஒன்பது வயசு. பற்றறிக்குத் தடை, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. அப்பா சைக்கிளைக் கவிட்டு வைச்சு, நான் பெடலைச் சுத்த, டைனமோவிலை றேடியோ கேட்டவை எங்கடை வீட்டார். செத்த பற்றறியை வெயிலிலை காயப்போட்டு இன்னும் ஒரு செய்தி கேட்டனாங்கள். யாம் போத்தல் விளக்கிலை சோதினைக்குப் படிச்சனாங்கள். மண்ணெண்ணெயிலை மோட்டார்சைக்கிள் ஓட்டின சனம் நாங்கள். அது பெருமைக்குரிய காலம் எண்டு சொல்ல மாட்டன். அது கொடுமை, எங்கடை பிள்ளையளுக்கு அது வேண்டாம். ஆனால் அந்தக் கொடுமை எங்களுக்கு ஒண்டைப் படிப்பிச்சது. ஒரு சாமான் வேலை செய்யேல்லை எண்டால் முதல் திறந்து பாக்கிறது. அதை எங்கை துலைச்சனாங்கள்? பிளேனிலையோ, இல்லாட்டி முதல் சம்பளத்திலையோ?

இந்த ஊர்க்காரரிட்டையும் அந்தக் குணம் இருந்தது. நான் வேலை செய்யிற குசினியிலை அதை ஒவ்வொரு நாளும் பாக்கிறன். பலெர்மோவின்ரை பேர்போன சாப்பாடு மாட்டின்ரை மண்ணீரலை அவிச்சுப் பொரிச்சுப் பாணுக்குள்ளை வைச்சது. எறியாமல் கண்டுபிடிச்சது. காஞ்சுபோன பாணைத் தூளாக்கி வறுத்து, சீஸ் வாங்க வசதியில்லாத சனம் பாஸ்ராவுக்கு மேலை தூவினது, இண்டைக்கு ரூறிஸ்ட் காசு குடுத்துச் சாப்பிடுறான். ஒலிபெருக்கி கட்டின காரிலை கத்தி தீட்டிறவன் இண்டைக்கும் ஒழுங்கைக்குள்ளை வாறான். குடையும் காஸ் அடுப்பும் திருத்திறன் எண்டு கூவுறான். அப்பிடியான ஊரிலைதான் ஒரு அரிசிமணி விளக்குக்காக முழு ரீவியையும் எறியச் சொல்லுறாங்கள்.

எறியிற ரீவி எங்கை போகுது? 2022இலை உலகம் முழுக்க 6.2 கோடி தொன் மின்னணுக் குப்பை, அதிலை முறைப்படி சேர்த்து மறுசுழற்சி செய்ததாய்ப் பதிவிலை இருக்கிறது 22.3 வீதம்தான் எண்டு ஐ.நா. அறிக்கை 2024இலை சொல்லிச்சுது. எறியத்தான் வேணும் எண்டாலும் ஒழுங்கையிலை வைக்காதேங்கோ. இத்தாலியிலை புதுசு வாங்கேக்கை பழசைக் காசில்லாமல் கடைக்காரன் எடுக்கவேணும், அது சட்டம். கடைக்காரன் அதைத் தானாய்ச் சொல்ல மாட்டான். நீங்கள் கேக்கவேணும்.

சரி, அக்காவின்ரை ரீவி.

மாதிரி இலக்கத்தைப் பாத்து இணையத்திலை விளக்குப் பட்டி தேடினன். முழுத் தொகுதியும் அனுப்புற கூலியோடை 27 யூரோ. வர இரண்டரைக் கிழமை எடுத்தது. அடுத்த திங்களுக்கு அடுத்த திங்கள், முந்திக் கொழும்பிலை றேடியோக் கடையிலை வேலை செய்த ஒரு அண்ணையையும் கூட்டிக்கொண்டு போனன். கட்டிலிலை போர்வை விரிச்சு ரீவியைக் கவிட்டு வைச்சம். வயரைப் பிடுங்கி, அண்ணை மீற்றர் வைச்சுக் கொள்ளளவி வெறுமையோ எண்டு பாத்த பிறகுதான் கை வைக்க விட்டார். கண்ணாடித் திரையை இரண்டு பேராய்த் தூக்கவேணும். அப்பளம் மாதிரி. அதின்ரை ஓரத்திலை ஒட்டியிருக்கிற மெல்லிய நாடா கிழிஞ்சால் எல்லாம் சரி. மூச்சைப் பிடிச்சுக்கொண்டு தூக்கினம். அதுக்குக் கீழை வெளிச்சத்தைப் பரப்பிற தாள்கள். எந்தத் தாள் மேலை, எந்தப் பக்கம் மேலை எண்டு படம் எடுத்து வைச்சம். அதுக்கும் கீழை மூண்டு பட்டி. நடுப்பட்டியிலை நாலாவது விளக்கிலை ஒரு கறுப்புப் புள்ளி.

அவ்வளவுதான். 510 யூரோவுக்குத் தவணை போட்ட ரீவியைக் கொண்டது அந்தக் கறுப்புப் புள்ளி.

அதை மட்டும் மாத்தலாம்தான். ஆனால் ஒண்டு போனால் மற்றதுகளும் அதே சூட்டிலை வெந்ததுகள், கனநாள் நிக்காது எண்டு அண்ணை சொன்னார். மூண்டு பட்டியையும் மாத்தினம். பூட்டி முடிய நாலு மணித்தியாலம். இரண்டு ஸ்குறூ மிஞ்சிச்சுது, அது எப்பவும் மிஞ்சிறதுதான். போட்டம். வெளிச்சம் வந்தது.

பிறகு நான் செய்த முதல் வேலை, படத் தெரிவுக்குள்ளை போய் பின்னொளியை நூறிலையிருந்து ஐம்பதுக்குக் குறைச்சது. கடையிலை பளிச்செண்டு தெரியவேணும் எண்டு முழுக்கக் கூட்டி வைச்சிருப்பாங்கள். நாங்களும் அதை அப்பிடியே விட்டிடுவம். மின்னோட்டம் கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் விளக்கின்ரை ஆயுள் குறையும். இதை வாசிச்சு முடிச்சவுடனை உங்கடை ரீவியிலையும் இதைச் செய்யுங்கோ. ஒரு சதமும் செலவில்லை.

இன்னும் இரண்டு. கடைத் துண்டு, இவங்கள் ஸ்கொன்ட்ரீனோ எண்டு சொல்லுறது, சூட்டுத்தாளிலை அடிச்சது. ஒரு வருசத்திலை எழுத்து மறைஞ்சுபோம். வாங்கின அண்டைக்கே படம் எடுத்து வையுங்கோ. இரண்டு வருசம் முடிய முதல் ரீவி ஒருக்கா மினுங்கினாலும், படம் ஒரு செக்கன் போய் வந்தாலும், உடனை கடைக்கு எழுத்திலை அறிவியுங்கோ. அக்காவின்ரை ரீவி இருபதாவது மாதத்திலையே மினுங்கத் தொடங்கினதாம். "வயர் லூசாக்கும்" எண்டு விட்டிட்டா. அண்டைக்கே போயிருந்தால் அது கடைக்காரன்ரை தலையிடி.

அக்கா காசு நீட்டினா. பட்டியின்ரை காசை மட்டும் வாங்கினன். புட்டும் சூடை மீன் குழம்பும் வைச்சிருந்தா. அண்ணை இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டார். அக்கா சாப்பிடேல்லை. நாலு கிழமையாய்க் குரலாய் மட்டும் கேட்ட நாடகத்துக்கு இப்ப முகம் பாத்துக்கொண்டு இருந்தா.

மிச்சத் தவணையை அவ கட்டத்தான் வேணும். ஆனால் எரியிற ரீவிக்குக் கட்டுறா. ஒரு நாள் லீவும் 27 யூரோவும் போச்சுது. எனக்குக் கட்டுப்படியாச்சு.

உங்கடை ஊரிலையும் எங்கடை ஆக்களுக்குள்ளை றேடியோ திருத்தினவர், மோட்டர் கட்டினவர், வயறிங் செய்தவர் எண்டு எத்தினையோ பேர் இருக்கினம். இப்ப ஹோட்டலிலை கோப்பை கழுவுகினம். 2009இலை ஆம்ஸ்ரடாமிலை மார்டினே போஸ்ற்மா எண்ட பெண்மணி, அக்கம்பக்கத்துச் சனம் கூடியிருந்து பழுதானதைத் திருத்திற கூடம் ஒண்டைத் தொடங்கினா. இப்ப அது கன நாட்டிலை நடக்குது. எங்கடை மண்டபங்களிலை மாதத்திலை ஒரு ஞாயிறு, இரண்டு மேசை போட்டு நாங்களும் செய்யேலாதோ? பிள்ளையளும் பக்கத்திலை நிண்டு பாக்கட்டும். தகப்பன்மாருக்குக் கோப்பை கழுவ மட்டும்தான் தெரியும் எண்டு நினைச்சுக்கொண்டு வளருறதை விட அது நல்லது.

அதுவரைக்கும், சத்தம் இருந்து படம் இல்லாட்டி, குப்பைக்குக் கொண்டுபோக முதல் ஒருக்கா ரோச் அடிச்சுப் பாருங்கோ.